மருத்துவமனை ஊழியர்களின் கைத்தூய்மை: டர்பன் வட்டாரத் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்தின் மருத்துவமனைகளில் செவிலியராகவும் உதவியாளராகவும் துப்புரவுப் பணியாளராகவும் மருத்துவராகவும் வேலை செய்யும் தமிழர்களையும், சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், வெருலம், டொங்காட் பகுதிகளிலிருந்து உறவினரைப் பார்க்க வார்டுக்குச் செல்லும் குடும்பத்தினரையும் மனத்தில் கொண்டு இப்பக்கம் எழுதப்பட்டுள்ளது. ஊழியர்களின் கேள்விகளும் குடும்பத்தினரின் கேள்விகளும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் அவற்றைப் பிரிக்கவில்லை.

மருத்துவமனைக்குள்ளேயே தொற்று பிடிப்பது அவ்வளவு பெரிய பிரச்சினையா?

ஆம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, அவசர மற்றும் பொதுச் சிகிச்சை தரும் மருத்துவமனைகளில் சேரும் 100 நோயாளிகளில், வசதி படைத்த நாடுகளில் 7 பேருக்கும், நடுத்தர, குறைந்த வருமான நாடுகளில் 15 பேருக்கும், அங்கே தங்கியிருக்கும் காலத்தில் குறைந்தது ஒரு தொற்றாவது ஏற்படுகிறது. அவ்வாறு தொற்றியவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் இறக்கிறார். அறுவைப் புண்ணில் சீழ் பிடித்தல், சிறுநீர்க் குழாய்வழி வரும் தொற்று, டிரிப் குழாய்வழி இரத்தத்தில் கலக்கும் கிருமி, செயற்கைச் சுவாசத்தில் இருப்பவருக்கு வரும் நுரையீரல் அழற்சி ஆகியவையே இவற்றில் பெரும்பாலானவை.

நம் நாட்டிலும் இதற்குச் சான்றுகள் உண்டு. 2005-இல் பீனிக்ஸ் பகுதியிலுள்ள மகாத்மா காந்தி நினைவு மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைகள் பிரிவில் க்ளெப்சியெல்லா என்னும் நுண்ணுயிரி பரவிக் குழந்தைகள் இறந்தார்கள். பலமுறை திறந்து பயன்படுத்தப்பட்ட குளுக்கோஸ் கரைசலில் அக்கிருமி கலந்திருந்ததை ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். ஊழியர் சிலரின் கைகளிலும் அதே கிருமி இருந்தது. 2019-இன் இறுதியில் கௌட்டெங் மாகாணத்தின் தெம்பிசா மருத்துவமனையில், கடைசிக்கட்ட மருந்துகளுக்கும் அடங்காத க்ளெப்சியெல்லா தொற்றி 10 பச்சிளங்குழந்தைகள் இறந்தன. அந்தப் பிரிவில் இருக்க வேண்டியதைவிட மிக அதிகமான குழந்தைகள் இருந்தன. 2020 மார்ச், ஏப்ரல் மாதங்களில் டர்பன் செயின்ட் அகஸ்டின்ஸ் மருத்துவமனையில் பரவிய கொரோனாவை ஆராய்ந்த குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகக் குழு, 39 நோயாளிகளுக்கும் 80 ஊழியர்களுக்கும் தொற்றியதையும், 15 நோயாளிகள் இறந்ததையும் பதிவு செய்தது. நோயாளியிலிருந்து நோயாளிக்கு அது பெரும்பாலும் ஊழியர்வழியாகவும் பொதுவாகப் பயன்படுத்தப்பட்ட கருவிகள்வழியாகவும் சென்றிருக்கலாம் என்பது அக்குழுவின் கருத்து.

கை பார்வைக்குச் சுத்தமாக இருக்கும்போது அதில் என்ன கிருமி இருந்துவிடப் போகிறது?

கண்ணுக்குத் தெரியும் அழுக்குக்கும் கிருமிக்கும் தொடர்பு மிகக் குறைவு. இலண்டன் தீவிர சிகிச்சைப் பிரிவு ஒன்றில் நடந்து 1977-இல் வெளியான ஓர் ஆய்வு, நோயாளியைத் தூக்கி உட்கார வைப்பது, நாடி பார்ப்பது, தோளைத் தொடுவது போன்ற ‘சுத்தமான’ வேலைகளைச் செய்த செவிலியரின் கைகளிலேயே 100 முதல் 1000 வரை க்ளெப்சியெல்லாக்கள் ஒட்டிக்கொள்வதைக் காட்டியது. அவை கையில் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக உயிரோடு இருக்கக்கூடியவை. கட்டில் கம்பி, லாக்கர், டிரிப் இயந்திரத்தின் பொத்தான், திரைச்சீலை ஆகியவற்றின்மேல் இத்தகைய கிருமிகள் நாட்கணக்கில், சில வேளைகளில் மாதக்கணக்கில் தங்குகின்றன. அங்கிருந்து அடுத்த நோயாளியின் புண்ணுக்கோ குழாய்க்கோ செல்ல அவற்றுக்குக் கால்களில்லை. நம் கைதான் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

‘ஐந்து தருணங்கள்’ என்கிறார்களே, அவை எவை?

இது உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டியின் மையக் கருத்து. எப்போதெல்லாம் கையைத் தூய்மை செய்ய வேண்டும் என்பதை ஐந்தாகச் சுருக்கியிருக்கிறார்கள்: நோயாளியைத் தொடுவதற்கு முன்; குழாய், ஊசி, புண் போன்றவற்றில் கிருமி படாமல் செய்ய வேண்டிய வேலைக்கு முன்; இரத்தம், சிறுநீர் போன்றவை பட வாய்ப்புள்ள வேலைக்குப் பின்; நோயாளியைத் தொட்ட பின்; நோயாளியைச் சுற்றியுள்ள பொருட்களைத் தொட்ட பின்.

பட்டியலாகப் படிக்கும்போது எளிதாகத் தெரியும் இது கட்டிலருகே குழம்பிவிடுகிறது. ஆகவே ஒரு கட்டிலை எடுத்துக்கொள்வோம். இடுப்பெலும்பு முறிந்து அறுவை முடிந்த ஓர் ஆயா, அதாவது பாட்டி, படுத்திருக்கிறார். கையில் டிரிப், சிறுநீருக்குக் குழாய். செவிலியர் வந்து திரையை இழுக்கிறார். இரத்த அழுத்தம் பார்க்க ஆயாவின் கையைப் பிடிப்பதற்கு முன் ஹேண்ட் ரப் (கையில் தேய்க்கும் ஆல்கஹால் சானிட்டைசர்) போட்டுக்கொள்கிறார். இது முதல் தருணம். அளந்தபின் டிரிப் குழாயின் மூடியைத் திறந்து மருந்து செலுத்த வேண்டும். ‘இதே ஆயாவைத் தொட்ட கைதானே’ என்று தோன்றும் இடம் இதுதான். ஆயாவின் தோலில் எந்தத் தொல்லையும் தராமல் இருக்கும் கிருமி, குழாய்வழி அவருடைய இரத்தத்தில் நுழைந்தால் உயிரையே பறிக்கலாம். எனவே மூடியைத் தொடுவதற்கு முன் மீண்டும் ஒருமுறை, இது இரண்டாம் தருணம். பிறகு கையுறை அணிந்து சிறுநீர்ப் பையைக் காலி செய்கிறார். கையுறையைக் கழற்றியதும் கையைத் தூய்மை செய்வது மூன்றாம் தருணம். போர்வையைச் சரிசெய்து, ஆயாவின் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு நகரும்போது நான்காம் தருணம். அடுத்த கட்டில் நோயாளி எக்ஸ்ரேக்குப் போயிருக்கிறார். ஆனாலும் அவருடைய லாக்கரை நகர்த்தி, ஒலித்துக்கொண்டிருந்த இயந்திரத்தை நிறுத்திவிட்டுச் செவிலியர் வெளியே வருகிறார். ஆளையே தொடவில்லை என்றாலும் அது ஐந்தாம் தருணம்.

ஒரு நோயாளியை விட்டு நேராக அடுத்த நோயாளியிடம் போகும்போது, இடையில் வேறெதையும் தொடவில்லை என்றால், ஒரே தூய்மை இரண்டுக்கும் போதும். இதை அறியாததால்தான் பலர் இந்த ஐந்தையும் நடைமுறைக்கு ஒவ்வாத விதியாக எண்ணுகிறார்கள்.

இவற்றில் எந்தத் தருணம் அதிகமாகத் தவறுகிறது?

தொடுவதற்கு முந்தைய இரண்டும். பல நாடுகளில் நடந்த கவனிப்புகளில் திரும்பத் திரும்பத் தெரியவந்தது இது: தொட்ட பின்னரும் அழுக்கான வேலைக்குப் பின்னரும் கை கழுவுவோர் அதிகம், தொடுவதற்கு முன் செய்வோர் குறைவு. காரணத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. அழுக்குப் பட்டதாக உணர்ந்தால் எவருக்கும் கை தானாகக் குழாயடிக்குப் போகும். அது நம்மைக் காத்துக்கொள்ளும் இயல்பு, சிறுவயதில் வீட்டில் பழக்கியது. தொடுவதற்கு முன் செய்வதோ நோயாளியைக் காப்பதற்காக. அதைத் தூண்டும் அருவருப்பு எதுவும் அங்கே இல்லை. ஆகவே அதை மனத்தின் பொறுப்பில் விட்டுவிடாமல் இடத்தின் அமைப்பிலும் வேலையின் ஒழுங்கிலும் சேர்த்துக் கட்ட வேண்டும். இக்கட்டுரையாளரின் கருத்தில், ‘கை கழுவுங்கள்’ என்று பொதுவாகச் சொல்லும் பயிற்சிகள் பலனளிக்காமல் போவதற்கு, ஊழியர்கள் ஏற்கெனவே செய்யும் பாதியையே அவை மீண்டும் கற்பிப்பதுதான் காரணம்.

சானிட்டைசர் நல்லதா, சோப்பும் தண்ணீரும் நல்லதா?

கையில் அழுக்கோ இரத்தமோ கண்ணுக்குத் தெரியாதபோது, ஆல்கஹால் கலந்த ஹேண்ட் ரப் சோப்பைவிடச் சிறந்தது. அது கிருமிகளை விரைவாகவும் கூடுதலாகவும் கொல்கிறது, தோலையும் குறைவாகவே வறட்டுகிறது, கட்டிலருகிலேயே தொங்கவிடலாம். 20 முதல் 30 விநாடி தேய்த்தால் போதும். சோப்பும் தண்ணீரும் என்றால் நனைத்து, நுரைத்து, அலசி, துடைத்து முடிக்க 40 முதல் 60 விநாடி ஆகும். தொட்டிக்கு நடந்துபோய்த் திரும்பும் நேரம் தனி.

சோப்பும் தண்ணீரும் கட்டாயமாகும் இடங்களும் உண்டு: கையில் இரத்தமோ மலமோ பட்டிருக்கும்போது, கழிப்பறை சென்று வந்தபின், வயிற்றுப்போக்கு நோயாளியைக் கவனித்தபின். குறிப்பாக க்ளாஸ்ட்ரிடியாய்ட்ஸ் டிஃபிசீல் என்னும் குடற்கிருமியின் வித்துகள் ஆல்கஹாலில் சாவதில்லை. தண்ணீரில் அலசித்தான் அகற்ற வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் தந்துள்ள இரு செய்முறைகளில் ஒன்றில் 80 விழுக்காடு எத்தனாலும், மற்றதில் 75 விழுக்காடு ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலும் உள்ளன. தோல் வறளாதிருக்கச் சிறிது கிளிசரினும் சேர்க்கப்படுகிறது. ஆல்கஹாலின் அளவு கூடக் கூட நல்லது என்று எண்ண வேண்டாம். கிருமியின் புரதத்தைச் சிதைக்க ஆல்கஹாலுக்குத் தண்ணீரும் தேவைப்படுவதால், நீர் கலவாத ஆல்கஹால் குறைவாகவே வேலை செய்கிறது. ஒரு துளியைப் பூசி, கையை உதறிக் காயவைத்துவிட்டுப் போவதும் பயன் தராது. உள்ளங்கை நிறைய எடுத்து, புறங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல், விரல் நுனி என்று எல்லா இடமும் ஈரமாகும்படி, தானே காயும்வரை தேய்க்க வேண்டும். பலர் விட்டுவிடுவது கட்டைவிரலையும் விரல் நுனிகளையும். நோயாளியை அதிகம் தொடுவதும் அவைதான்.

தண்ணீர் வராத நாட்களில் என்ன செய்வது?

2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பின் டொங்காட் மக்கள் மாதக்கணக்கில் குழாய்த் தண்ணீர் இல்லாமல் தவித்ததை நம் வட்டாரத்தில் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அத்தகைய நாட்களில் வார்டைக் காப்பது ஹேண்ட் ரப்தான். ஆகவே தண்ணீர் நிற்கும் முன்பே அதன் கையிருப்பைக் கூட்டி வைப்பது பொறுப்பாளரின் கடமை. சேமித்த தண்ணீரை இரத்தமும் மலமும் பட்ட கைகளுக்கு ஒதுக்க வேண்டும். அதையும் வாளிக்குள் கையை விட்டுக் கழுவாமல், குழாய் பொருத்திய மூடிய கலனிலிருந்து வழியவிட்டுக் கழுவ வேண்டும். பலர் கைவிட்டு அளைந்த தண்ணீரில் கழுவுவதைவிடக் கழுவாமல் இருப்பதே மேல் என்று சொல்லத் தோன்றுகிறது. கையை நீட்டினால் தானாகத் திறக்கும் உணரிக் குழாய்கள் மின்வெட்டு நேரத்தில் நின்றுபோவதும் உண்டு. கையால் அழுத்தும் பாட்டில் எந்நேரமும் வேலை செய்யும்.

கையுறை போட்டிருந்தால் கையைத் தூய்மை செய்யத் தேவையில்லையே?

தேவை. கையுறையில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கலாம். கழற்றும்போது மேற்புறக் கிருமி கையில் படும். ஆகவே போடுவதற்கு முன்னும் கழற்றிய பின்னும் தூய்மை வேண்டும். ஆனால் பெரிய ஆபத்து வேறொன்று. கையுறை அணிந்தவருக்குத் தம் கை பாதுகாப்பாக இருக்கும் உணர்வு வருகிறது. அந்த உணர்வோடு அவர் சிறுநீர்ப் பையைத் தொட்டு, அதே கையுறையோடு திரையை இழுத்து, கோப்பைத் திறந்து, பேனாவை எடுத்து, அடுத்த கட்டிலுக்கும் போய்விடுகிறார். அவருடைய கை தப்பியது; வார்டு முழுவதும் மாட்டிக்கொண்டது. ஒரு நோயாளிக்கு ஓர் இணை, ஒரு வேலைக்கு ஓர் இணை, முடிந்ததும் குப்பையில். கையுறையின்மேல் ஹேண்ட் ரப் தேய்த்து மீண்டும் பயன்படுத்துவதும் சரியன்று. நாடி பார்க்கவும், சாப்பாட்டுத் தட்டை நீட்டவும், நோயாளியைத் தள்ளுவண்டியில் அழைத்துச் செல்லவும் பொதுவாகக் கையுறையே வேண்டியதில்லை.

நாளெல்லாம் தேய்த்துத் தேய்த்துக் கை வெடித்துவிட்டது; எரிகிறது. என்ன செய்யலாம்?

இது சாக்கு என்று ஒதுக்கப்பட வேண்டிய புகாரன்று. வெடித்த தோலில் கிருமி அதிகம் தங்குகிறது; எரிச்சலுக்குப் பயந்து ஊழியரும் தூய்மையைத் தவிர்க்கிறார். பெரும்பாலும் தோலைக் கெடுப்பது சோப்பும் வெந்நீரும்தான். ஏற்கெனவே வெடித்த இடத்தில் ஆல்கஹால் படும்போது எரிவதால் பழி ஆல்கஹால்மேல் விழுகிறது. சோப்பு போட்டவுடனேயே ஹேண்ட் ரப்பும் போடுவதை நிறுத்துங்கள். இரண்டில் ஒன்றே போதும். கழுவும்போது தண்ணீர் வெந்நீராக இருக்க வேண்டாம். துடைக்கும்போது தேய்க்காமல் ஒற்றியெடுங்கள். கை முழுதும் காயாமல் கையுறை போடாதீர்கள். வேலை முடிந்ததும் மாய்ஸ்சரைசர் பூசுங்கள். அதன் பிறகும் சிவப்பும் தடிப்பும் மாறாவிட்டால் ஊழியர் நலப் பிரிவில் காட்ட வேண்டும். வேறு வகை ஹேண்ட் ரப் கேட்பது உங்கள் உரிமை. எந்த ஹேண்ட் ரப்பை வாங்குவது என்று முடிவெடுக்கும் முன் அதை நாளெல்லாம் பூசப் போகிற செவிலியரிடம் கேட்காத நிர்வாகம், பின்னர் பாட்டில் காலியாகவில்லையே என்று வியப்பதில் பொருளில்லை.

புரட்டாசி விரதத்தில் இருக்கிறேன். ஆல்கஹால் கலந்ததைக் கையில் பூசலாமா?

இந்நாட்டுத் தமிழ்க் குடும்பங்களில் புரட்டாசி முழுவதும் இறைச்சியையும் மதுவையும் விலக்குவோர் மிகுதி என்பதால் இக்கேள்வி ஆண்டுதோறும் வருகிறது. விரதம் விலக்குவது குடிப்பதையும் உண்பதையும். கையில் பூசும் ஆல்கஹால் சில விநாடிகளில் ஆவியாகிவிடுகிறது, தோல்வழி உடலில் சேரும் அளவு மிக மிகச் சிறியது, போதை தருவதன்று. மருந்தாகவும் துப்புரவுப் பொருளாகவும் பயன்படுவதை நோயாளியின் நலனுக்காக ஏற்பதில் தடையில்லை என்பதே பல சமயத்தாரின் நிலை. கிளிசரின் விலங்குக் கொழுப்பிலிருந்து எடுத்ததோ என்ற ஐயம் சைவ உணவினருக்கு வருவது இயல்பு. தாவரக் கிளிசரின் கலந்த வகைகள் கிடைக்கின்றன, வாங்கும் பிரிவினரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இவை எதுவும் மனத்துக்கு ஒப்பவில்லை என்றால் ஒவ்வொரு தருணத்திலும் சோப்பும் தண்ணீரும் பயன்படுத்துங்கள். ஒன்றைக்கூட விடாமல் செய்ய வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

மணிக்கட்டில் காப்புக் கயிறு, தாலி, மோதிரம், மருதாணி: எது ஆகும், எது ஆகாது?

காவடிக்கும் மாரியம்மன் விழாவுக்கும் கட்டிய மஞ்சள் கயிறு ஒவ்வொரு முறை கழுவும்போதும் நனைந்து, ஈரத்தையும் கிருமியையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. அதன் அடியிலுள்ள தோல் தூய்மையாவதேயில்லை. நோயாளியைத் தொடும் பணியில் இருப்பவர், கயிற்றை முழங்கைக்கு மேலே கட்டிக்கொள்ள முடியுமா என்று பூசாரியிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. வளையலும் கைக்கடிகாரமும் கல் பதித்த மோதிரமும் வேண்டாம். கல்லில்லாத திருமண மோதிரத்தைப் பல இடங்களில் அனுமதிக்கிறார்கள். அதையும் நகர்த்தி அதன் அடியில் தேய்க்க வேண்டும். தாலி சீருடைக்குள்ளே இருக்கட்டும். குனியும்போது நோயாளியின் புண்மேல் ஊசலாடக் கூடாது. மருதாணியால் கெடுதல் இல்லை. செயற்கை நகம் கூடவே கூடாது. சொந்த நகமும் அரை சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும்.

ஒரு செவிலியருக்கு அத்தனை நோயாளிகள். இதற்கெல்லாம் நேரம் எங்கே?

இக்கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனையில் டிடியே பிட்டே குழுவினர் செய்து 1999-இல் வெளியிட்ட ஆய்வில், வேலைப் பளு ஏற ஏறக் கைத்தூய்மை குறைந்தது. மிகவும் தேவைப்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவிலேயே அது தாழ்ந்திருந்தது. கணக்கைப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் 20 முறை தூய்மை செய்ய வேண்டியிருந்தால், ஒரு நிமிடக் கழுவலுக்கு 20 நிமிடம் போய்விடும். மணியில் மூன்றில் ஒரு பங்கு. அதே 20 முறையும் 20 விநாடி ஹேண்ட் ரப்பாக இருந்தால் ஏழு நிமிடத்துக்குள் முடியும். நேரமில்லை என்ற குறைக்கு ஜெனீவாவில் கண்ட விடை இதுவே: ஒவ்வொரு கட்டிலிலும் பாட்டில், ஒவ்வொரு பையிலும் சிறிய பாட்டில், அதனுடன் கவனிப்பும் முடிவுகளைத் திருப்பிச் சொல்லுதலும் மூத்தோரின் ஆதரவும். 1994-இல் 48 விழுக்காடாக இருந்த கைத்தூய்மை 1997-இல் 66 விழுக்காடாக உயர்ந்தது. மருத்துவமனைவழித் தொற்று 16.9-இலிருந்து 9.9 விழுக்காடாகக் குறைந்தது.

கவனிக்க வேண்டியது, பாட்டில் தொங்கும் இடம். வார்டு வாசலில் ஒன்று, செவிலியர் மேசையில் ஒன்று என்று வைத்துவிட்டு, ‘எல்லா வசதியும் இருக்கிறது’ என்று எழுதிவிடுகிறார்கள். ஆயாவின் டிரிப்பைத் தொடப் போகிறவர் அதற்காக எட்டு அடி நடந்துபோய்த் திரும்ப மாட்டார். கை நீட்டினால் எட்டும் தூரம் என்பதே அளவு. கட்டில் கால்மாட்டுக் கம்பியில் மாட்டும் வளையம் விலையுயர்ந்த பொருளன்று. குழந்தைகள் வார்டிலும் மனநல வார்டிலும் எவரேனும் குடித்துவிடும் ஆபத்து இருப்பதால், அங்கே ஊழியரின் சட்டைப்பை பாட்டிலே ஏற்றது. சுவரொட்டி ஒட்டுவது எல்லாவற்றிலும் எளிது. அதனால்தான் எல்லோரும் அதிலிருந்தே தொடங்குகிறார்கள், பலர் அதோடு நிறுத்தியும் விடுகிறார்கள்.

இதனால் ஆட்பற்றாக்குறை மறைந்துவிடும் என்று சொல்லவில்லை. தெம்பிசாவில் நடந்ததற்கு நெரிசலும் காரணம். ஒரு படுக்கையின் இடத்தில் இரண்டைச் சேர்த்து வைத்துவிட்டு, கையைத் தேய்க்கவில்லை என்று செவிலியரை மட்டும் கண்டிப்பது நேர்மையாகாது.

வார்டில் கைத்தூய்மையை எப்படி அளக்கிறார்கள்? எங்களை உளவு பார்ப்பது போல் இருக்கிறதே?

பயிற்சி பெற்ற ஒருவர் வார்டில் நின்று, செய்ய வேண்டியிருந்த தருணங்கள் எத்தனை, செய்தவை எத்தனை என்று எண்ணி விழுக்காடு போடுவதே பரவலான முறை. யாரோ பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் எல்லோரும் ஒழுங்காகச் செய்வது இம்முறையின் அறிந்த குறை. ஆகவே 95 விழுக்காடு என்று எழுதிய அறிக்கையைக் கண்டால் மகிழ்வதற்கு முன் ஐயப்பட வேண்டும். அதைச் சரிபார்க்க இன்னொரு வழி, தீர்ந்த ஹேண்ட் ரப்பின் அளவு. 1000 நோயாளி-நாட்களுக்கு (ஒரு நோயாளி ஒரு நாள் தங்கினால் ஒரு நோயாளி-நாள்) குறைந்தது 20 லிட்டர் என்பதை உலக சுகாதார நிறுவனம் ஓர் அளவுகோலாகத் தந்திருக்கிறது. 30 படுக்கையும் நிரம்பிய வார்டுக்கு 30 நாளில் அது 18 லிட்டர், அதாவது அரை லிட்டர் பாட்டில் 36. ஒரு முறைக்கு 3 மில்லிலிட்டர் என்று வைத்தால், ஒரு நோயாளிக்கு ஒரு நாளில் 7 முறைகூட வராது. மிகத் தாழ்ந்த அளவுகோல்தான் இது. அதையும் எட்டாத வார்டில் சுவரில் எந்த விழுக்காடு ஒட்டியிருந்தாலும் நம்ப வேண்டியதில்லை.

முடிவை வார்டின் பெயரில் வெளியிடலாம், ஆளின் பெயரில் கூடாது. தவறிய இடத்தை அந்த நேரத்திலேயே, தனியாக, தாழ்ந்த குரலில் சொல்வது மாதக் கடைசி அறிக்கையைவிட அதிகம் பயன் தரும்.

பெரிய டாக்டரே செய்யவில்லை என்றால் நான் எப்படிச் சொல்வது?

ஜெனீவா ஆய்வில் செவிலியரைவிட மருத்துவர்களே குறைவாகச் செய்தார்கள். பார்வையிட வரும் மூத்த மருத்துவர் செய்யாவிட்டால் பின்னால் வரும் எட்டுப் பேரும் செய்வதில்லை. அவர் செய்தால் ஒருவர்கூடத் தவறுவதில்லை. ஆகவே முதலில் திருத்த வேண்டியவர் அவரே, அதைச் செய்ய வேண்டியவர் அவருக்கு இணையானவரோ மருத்துவமனைத் தலைவரோ தவிர இளைய செவிலியர் அல்லர். இருந்தாலும் கட்டிலருகே நிற்பவர் நீங்களாக இருக்கும்போது, வார்த்தையைவிடக் கை எளிது: நீங்கள் போட்டுக்கொண்டு, பாட்டிலை அவர் பக்கம் நீட்டுங்கள். நீட்டிய பாட்டிலை மறுப்பவர் மிகச் சிலரே. குழாய் போடும்போதும் புண்ணைத் திறக்கும்போதும் மட்டும் கூச்சம் வேண்டாம். ‘டாக்டர், ஒரு நிமிடம், ஹேண்ட் ரப்’ என்று சொல்லி நிறுத்தலாம்.

நோயாளியோ குடும்பமோ ஊழியரிடம் கேட்கலாமா?

கேட்கலாம். தென்னாப்பிரிக்க நோயாளர் உரிமைச் சாசனம் முதலில் குறிப்பிடுவதே ஆரோக்கியமான, பாதுகாப்பான சூழலைத்தான். ஆனால் நம் பெரியவர்கள் டாக்டரிடம் எதிர்க்கேள்வி கேட்பதை மரியாதைக்குறைவாக எண்ணி வாய் திறப்பதில்லை. சொன்னால் சிகிச்சையில் குறை வைத்துவிடுவார்களோ என்ற அச்சமும் உண்டு. தாத்தாவையே கேட்கச் சொல்லாமல் மகனோ பேத்தியோ கேட்பது எளிது. ‘சிஸ்டர், தாத்தாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, புண் ஆற நாளாகும், அதனால் டிரிப்பைத் தொடும் முன் கையைத் தேய்த்துக்கொள்கிறீர்களா?’ என்று காரணத்தோடு சொன்னால் குற்றம் சாட்டுவதாகத் தோன்றாது. செய்தவருக்கு நன்றி சொல்லுங்கள். அது அடுத்த முறையும் நினைவிருக்கும். ஆனால் ஊழியரின் கடமையை நோயாளியின் தலையில் ஏற்றிவிட்டு நிர்வாகம் ஒதுங்கிக்கொள்வதற்கு இது வழியாகிவிடக் கூடாது.

பார்க்க வருகிற நாங்கள் என்ன கவனிக்க வேண்டும்?

உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் ஹேண்ட் ரப். சோறு பிசைந்து ஊட்டுவதாக இருந்தால் சோப்பால் கழுவிவிட்டு ஊட்டுங்கள். ஊட்டிய பின்னும் கழுவுங்கள். டிரிப், குழாய், கட்டு எதையும் தொட வேண்டாம். கட்டிலின்மேல் உட்கார வேண்டாம்.

கோயிலிலிருந்து திருநீறு கொண்டுவருவது நம் வழக்கம். சொந்த நோயாளிக்கு நெற்றியில் இட்டுவிட்டு, பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கும், அதற்கடுத்தவருக்கும், வார்டு முழுக்க ஒரே விரலால் இட்டுக்கொண்டே போகும் பெரியம்மாக்களை எந்த வார்டிலும் பார்க்கலாம். அவருடைய அன்பில் குறையில்லை; அந்த விரல் பத்து நெற்றிகளைத் தொட்டிருக்கிறது. பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு அவரவரே இட்டுக்கொள்ளச் சொல்லலாம், அல்லது ஒவ்வொருவருக்கும் இடையில் கையைத் தேய்த்துக்கொள்ளலாம். வாய்வழி எதுவும் கூடாது என்று எழுதியிருக்கும் நோயாளிக்குத் தீர்த்தம் கொடுக்கவே கூடாது.

கைத்தூய்மை காசநோயிலிருந்தும் காக்குமா?

காக்காது. காசநோய் காற்றில் பரவுவது. இம்மாகாணத்தின் துகேலா ஃபெரியில் 2005-2006-இல் அடையாளம் காணப்பட்ட, மருந்துகளுக்குக் கட்டுப்படாத காசநோயாளிகள் 53 பேரில் 52 பேர் இறந்ததை உலகமே கவனித்தது. அவர்களில் பலருக்கு அது மருத்துவமனையில் தொற்றியிருக்க வேண்டும். அதற்குத் திறந்த ஜன்னலும், இருமுபவரை விரைவில் பிரித்து வைப்பதும், ஊழியருக்கு என்95 முகக்கவசமுமே தடுப்பு. கை கழுவிவிட்டோம் என்று ஜன்னலை அடைத்துக்கொள்ளக் கூடாது.

கை கழுவும் தொட்டியாலேயே கிருமி பரவும் என்கிறார்களே?

பரவும். வடிகாலில் சூடோமோனாஸ் போன்ற ஈரக் கிருமிகள் படலமாக வளர்கின்றன. 2012 தொடக்கத்தில் பெல்ஃபாஸ்ட் நகரில் பச்சிளங்குழந்தைகள் இறந்த நிகழ்வில் குழாய்த் தலைகளே காரணமாகக் கண்டறியப்பட்டன. ஆகவே கை கழுவும் தொட்டியில் மிஞ்சிய டிரிப் திரவத்தையோ, தேநீரையோ, நோயாளியைத் துடைத்த தண்ணீரையோ ஊற்றக் கூடாது; மருந்து கலக்கும் தட்டைத் தண்ணீர் தெறிக்கும் தூரத்தில் வைக்கக் கூடாது. திரவ சோப்பு பாட்டிலைத் தீரும் முன் மேலே ஊற்றி நிரப்பும் பழக்கமும் கிருமியை வளர்க்கும். காலியானபின் கழுவிக் காயவைத்து நிரப்புங்கள். பலர் துடைக்கும் ஒரே துணித்துண்டு தொட்டியருகே தொங்கினால் அதை அப்போதே எடுத்துவிடுங்கள். காகிதத் துண்டு தீர்ந்திருப்பதும் கை கழுவாமைக்கு ஒரு காரணம் என்பதை வாங்கும் பிரிவினர் உணர்வதில்லை.

சொல்லியும் கேட்கவில்லை என்றால் யாரிடம் போவது?

முதலில் வார்டின் பொறுப்புச் செவிலியரிடம். அடுத்து மருத்துவமனையின் தொற்றுத்தடுப்புச் செவிலியரிடம். உள்நோயாளிகளைச் சேர்க்கும் மருத்துவமனைகளில் இப்பொறுப்புக்கு ஒருவர் இருப்பார், தொலைபேசி வழியும் கேட்கலாம். எழுத்தில் புகார் கொடுப்பதாக இருந்தால் நாள், நேரம், வார்டு, நடந்தது என்ன என்பதை எழுதுங்கள்; ஊழியரின் பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அரசு மருத்துவமனை அத்தகைய புகாரை 25 வேலை நாட்களுக்குள் தீர்க்க வேண்டும் என்பது தேசிய வழிகாட்டி. தீராவிட்டால் சுகாதாரத் தரநிலை இணக்க அலுவலகத்துக்கும் சுகாதாரக் குறைகேள் அதிகாரிக்கும் எழுதலாம். தனியார் மருத்துவமனைகளும் அவர்களுடைய வரம்புக்குள் வருகின்றன. புகாரின் நகல் ஒன்றையும், மருத்துவமனை தந்த பதிவு எண்ணையும் வீட்டில் வைத்திருங்கள். மேல்முறையீட்டில் முதலில் கேட்கப்படுவது அந்த எண்தான்.